கடித்த நாய் பிழைக்க வேண்டும்

யாரையாவது நாய் கடித்துவிட்டால் எங்கள் லைனில் முதலில் என் வீட்டுக்குத்தான் ஓடி வருகிறார்கள். நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. மர்பி டவுனில் வீட்டிலேயே இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவள். ஆனாலும் வருவார்கள். நானும் கடிவாயைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். நாய் உயிரோடு இருக்கிறதா? சிலருக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். கடிபட்ட பிள்ளை ரத்தம் ஒழுக நிற்கிறது, இவளுக்கு நாய் மேல் என்ன அக்கறை பார் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளட்டும். அந்தக் கேள்வியை நான் எங்கே கற்றேன் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கலாம். என் வீட்டுக்காரர் பூட்ஸ் தைக்கும் ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். அவர் தம்பி சம்பத் எங்களோடுதான் இருந்தான், சைக்கிள் கடையில் வேலை. விடிந்ததும் ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாக்களுக்குப் போய்த் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து என்னிடம் போட்டுவிட்டுக் கடைக்குப் போவான். நான் மேஜை முன்னால் நின்றால் மத்தியானச் சோற்றுக்குத்தான் உட்காருவேன். கரிப் பெட்டியின் கனம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இஸ்திரி கையால் போடுகிற வேலை இல்லை, காலால் போடுகிற வேலை. கால் நின்றால்தான் கை ஓடும்.

எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் ஒரு செவலை நாய் குட்டி போட்டிருந்தது. யார் வீட்டு நாயும் இல்லை. எல்லோர் வீட்டு மிச்சத்தையும் தின்னும், புது ஆள் வந்தால் குரைக்கும், அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும் உள்ள உறவு. எனக்கு நாய் என்றாலே ஆகாது. வெளுத்த துணி காயப்போட்ட இடத்தில் வந்து படுக்கிற ஜென்மத்தை யாருக்குத்தான் பிடிக்கும்?

அன்று காலை கரி தீர்ந்துவிட்டது. மூலையில் கிடந்த கோணிப்பையை எடுத்துக்கொண்டு கரிக்கடைக்குக் கிளம்பினேன். குழாயடி திரும்பும்போது அந்தச் செவலை எதிரே வந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. நேராக வந்து கோணிப்பையைக் கவ்வி இழுத்தது. சனியனே விடு என்று நான் ஒரு இழுப்பு இழுத்தேன். பையை விட்டுவிட்டு என் கெண்டைக்காலைப் பிடித்தது. பிடித்த பிடியில் நான் உட்கார்ந்தே போனேன். அப்புறம் காலை விட்டு மறுபடியும் பையைக் கவ்வியது. நான் போட்ட கத்தலில் லைனே திரண்டு வந்தது. கல் பறந்தது, நாய் ஓடிப்போனது.

முதலில் பையைத்தான் பிடித்தது என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. காரணமே இல்லாமல் பாய்ந்திருக்கிறது, அப்படியானால் பைத்தியம் பிடித்த நாய்தான் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்சா ஓடிப்போய் மிளகாய்ப்பொடியைக் கொண்டுவந்து கடிவாயில் அப்பினாள். விஷம் இருந்தால் காரம் தெரியாதாம். அம்மாடி, எனக்குத் தெரிந்த காரம் ஏழு ஜென்மத்துக்குப் போதும். விஷம் இல்லை என்று அவளுக்குத் திருப்தி. நான் அழுத அழுகையில் வீட்டுக்காரர் ஜட்கா வண்டி பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மிளகாய்ப்பொடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். தமிழ்தான், ஆனால் கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவார். கடிவாயைச் சோப்பும் தண்ணீரும் போட்டு வெகுநேரம் கழுவச் சொன்னார். அப்புறம் காரமான ஒரு மருந்தைக் குச்சியில் தொட்டுச் சுட்டார். பிறகு உட்காரவைத்து விளக்கினார். பைத்தியம் பிடித்த நாயின் எச்சிலில் கிருமி இருக்கும். அது கடிவாய் வழியாக நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். ஏறிவிட்டால் உலகத்தில் மருந்து கிடையாது. ஏறுவதற்குள் உடம்பைத் தயார் செய்யத்தான் ஊசி. தொப்புளைச் சுற்றி, வயிற்றில், தினம் ஒன்று, பதினாலு நாள்.

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம்.

"நாயை அடிச்சிடாதீங்க. கட்டிப் போட்டுப் பத்து நாள் பாருங்க. பத்து நாளும் நல்லா இருந்துச்சுன்னா அதுக்குப் பைத்தியம் இல்ல. ஊசியை நிறுத்திடலாம்."

எப்படி என்று வீட்டுக்காரர் கேட்டார். எச்சிலில் கிருமி வருகிறது என்றாலே அது ஏற்கெனவே நாயின் மூளைக்குப் போய்விட்டது என்று அர்த்தம், அப்படிப்பட்ட நாய் பத்து நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னார். எங்களுக்குப் புரிந்தது. ஆனால் நாய் எங்கே? கல்லடி பட்டு ஓடியது ஓடியதுதான். சம்பத் தடியை எடுத்துக்கொண்டு அல்சூர் ஏரிக்கரை வரைக்கும் போய் வந்தான். அண்ணன் கட்டிப்போடச் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. அண்ணியைக் கடித்த நாய் உயிரோடு இருந்தால் அவனுக்கு ரோஷம். இரண்டு நாள் பார்த்துவிட்டு, லைன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் நாய் வண்டிக்குப் புகார் கொடுத்துவிட்டு வந்தான். எங்களிடம் மூச்சுவிடவில்லை.

நாய் கிடைக்காததால் ஊசி நடந்தது. தினம் காலையில் ஊசிப் பெஞ்சில் போய் உட்காருவேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள், பழகிவிட்டோம். ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாவில் சமைக்கிற ஒருவர், பால்காரர், பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, கிடங்கு வாட்ச்மேன் ஒருவர். காரணமில்லாமல் கடித்தது என்று ஆரம்பிக்காதவர்கள் அந்தப் பெஞ்சில் ஒருவருமே இல்லை. நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் காரணம் தானாக வெளியே வந்துவிடும். சமையல்காரர் நாய் தின்றுகொண்டிருக்கும்போதே தட்டை எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பெண் தூங்குகிற நாயின் வாலை மிதித்திருக்கிறாள். வாட்ச்மேன் வளர்க்கிற நாயை இரண்டு வருஷமாகச் சங்கிலியிலிருந்து அவிழ்த்ததே இல்லையாம், அவிழ்த்தால் கடிக்கும் என்று பயமாம். அவிழ்க்காததால்தான் கடிக்கிறதோ என்னவோ என்று பால்காரர் சொன்னதற்கு இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது. நான் மட்டும் என் கதையில் காரணம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதனால் என் நாய்தான் நிஜப் பைத்தியம் என்று பெஞ்சுக்கே என் மேல் தனிப் பரிதாபம்.

ஊசி போட்ட இடமெல்லாம் வீங்கி, வயிறு கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. படுத்தால் புரள முடியாது, புடவைக் கொசுவம் வைக்க முடியாது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு இஸ்திரி போட்டேன். ஒரு வாரம் இருக்கும், பெட்டியின் வாயைத் திறந்து ஊதும்போது ஒரு கங்கு கீழே விழுந்தது. நான் பார்க்கவில்லை. தோல் பொசுங்குகிற வாடை வந்தது. எந்தத் துணியோ போச்சு என்று மேஜையையெல்லாம் பதறிப்போய்த் தேடினேன். கங்கு என் பாதத்தின் மேலேயே கிடந்தது.

சுட்டது எனக்குத் தெரியவே இல்லை.

அன்று சாயங்காலம் முதுகில் ஒரு வலி பிடித்தது. மூத்திரம் வரவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போகப் பார்த்தேன், இரண்டு காலும் யாருடைய காலோ என்று மடங்கிவிட்டன. வீட்டுக்காரர் என்னைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு ஓடினார். கால் போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. செத்துப்போவேன் என்றுகூட அவ்வளவு பயப்படவில்லை. கால் இல்லாமல் இருந்துவிடுவேனோ என்றுதான் நடுங்கினேன்.

வார்டில் படுக்கப் போட்டார்கள். மூத்திரம் இறங்க ரப்பர் குழாய் வைத்தார்கள். மறுநாள் என்னை ஒருக்களித்துச் சுருட்டிப் படுக்கவைத்து, முதுகெலும்பின் இடுக்கில் ஊசி விட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் எடுத்தார்கள். அந்த நீர் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சுற்றி ஓடுகிறதாம், அதைப் பார்த்தால் நரம்பில் என்ன கோளாறு என்று தெரியுமாம். நெட்டி முறிப்பதற்குக்கூட அசையக்கூடாது என்று சிஸ்டர் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். நாய்க்கடி ஊசி மருந்தை ஆட்டு மூளையிலிருந்துதான் செய்கிறார்கள். ஆயிரத்தில் யாரோ ஒருவருக்கு உடம்பு அந்த மருந்தோடு சண்டைக்குப் போகும். போகிற வேகத்தில் தன் நரம்பையே வீங்கவைத்துக்கொள்ளும். உனக்கு அதுதான் ஆகியிருக்கிறது, வீக்கம் வடிய வேறு மருந்து கொடுக்கிறேன், பெரும்பாலும் கால் திரும்ப வரும் என்றார். ஆட்டுமூளை வறுவலை ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னவள் இல்லை நான், அதற்கு என் மேல் இப்படி ஒரு பகையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இனிமே ஒரு ஊசி போட்டாலும் கால் மட்டும் இல்ல, மூச்சையும் இழுத்துக்கும். அதனால நிறுத்தியாச்சு. ஆனா நாய் பைத்தியமா இருந்திருந்தா நிறுத்தக்கூடாது. நாய் என்ன ஆச்சும்மா?"

தெரியாது என்று வீட்டுக்காரர் சொன்னார். போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து. எந்த ஆபத்து நிஜம் என்று சொல்ல வேண்டியது எங்கேயோ ஓடிப்போன ஒரு தெருநாய்.

அன்று சாயங்காலம் பார்வை நேரத்துக்கு சம்பத் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"அண்ணி, கவலைய விடுங்க. அந்த நாய வண்டிக்காரங்க நேத்து புடிச்சிட்டாங்க. ரெண்டு நாள்ல கதை முடிஞ்சிடும்."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்வார்களே, கால் ஏற்கெனவே ஓடாமல்தான் கிடந்தது. பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்த கொழுந்தனை அன்று பேசின பேச்சு வார்டு முழுக்கக் கேட்டது. பையன் ஒன்றும் புரியாமல் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டாக்டரே வந்து அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. நேற்று வரைக்கும் உயிரோடு இருக்கிறது என்பதே நல்ல சேதி, இன்னும் மூன்று நாலு நாள் நல்லபடியாக இருந்துவிட்டால் உன் அண்ணிக்கு ஊசியே தேவையில்லை, அதற்குள் அடித்துக் கொன்றுவிட்டால் பைத்தியமா இல்லையா என்று இங்கே யார் சொல்வது என்று கேட்டார். சம்பத்தின் முகம் செத்துப்போனது. வீட்டுக்காரர் அவனை இழுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினார்.

மறுநாள் அவர் சொன்ன கதை இது. நாய்ப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வேலை முடித்துக் கதவடைக்கும் நேரம். பத்து நாய் நிற்கிற இடத்தில் முப்பது நாயை அடைத்து, ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு, ஒரே ரத்தக்களறியாம். அங்கே ரெண்டு நாள் இருந்தால் நானே நாலு பேரைக் கடிப்பேன் என்றார். நாயைக் கேட்டதற்கு, சொந்தக்காரனுக்குத்தான் கொடுப்போம் என்று காவலாள் சொல்லியிருக்கிறார்.

எங்க நாய்தான் என்று சொல்லிவிட்டார் இவர்.

காவலாள் விடவில்லை. இது யாரையோ கடித்ததாகப் புகார் இருக்கிறதே, யாரைக் கடித்தது என்று கேட்டார். என் சம்சாரத்தை என்று இவர் சொன்னதும் மேலும் கீழும் பார்த்தாராம். சம்சாரத்தைக் கடித்த நாயை மீட்டுக்கொண்டு போக வந்த முதல் ஆள் நீதான் என்றாராம். இவர் என் காலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் உள்ளே போய்ச் செவலையைக் கழுத்தில் கயிறோடு இழுத்துக்கொண்டு வந்து கையில் கொடுத்துவிட்டார். நல்லா இருக்கட்டும் அவர்.

நாயைப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைத் தூணில் கட்டிப்போட்டார்கள். பசங்கள் யாரும் கிட்டே போகக்கூடாது, கல் எறியக்கூடாது என்று அம்சா காவலுக்கு உட்கார்ந்தாள். மிளகாய்ப்பொடிக்குப் பிராயச்சித்தம்.

அதிலிருந்து வார்டில் என் உடம்பை யாரும் விசாரிக்கவில்லை, நாயைத்தான் விசாரித்தார்கள். தரை துடைக்கிற கன்னட ஆயா வாளியோடு உள்ளே வரும்போதே, "ஏனம்மா, நாயிது ஊட்டா ஆய்தா?" என்பாள். நாய் சாப்பிட்டதா என்று கேட்கிறாள். பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த மேரியம்மா ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம். காலையில் எனக்காக ஜெபம் பண்ணுவாள், சாயங்காலம் நாய்க்காக. நாய்க்குக் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுங்கம்மா, எனக்குக் குறைந்தால் பரவாயில்லை என்று சொல்வேன். வீட்டுக்காரர் வேலை விட்டு நேராக வந்து, தூக்குப்போணியில் ராகிக் கஞ்சி கொடுத்து, இன்று தண்ணீர் குடித்தது, இன்று எலும்பு தின்றது, வாலை ஒரு தடவை ஆட்டியது என்று ஒப்பிப்பார். என் சேதியை அவருக்குச் சொல்வேன். கட்டைவிரலைக் கூப்பிடுகிறேன், அது வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணனும் தம்பியும் வந்து நின்றார்கள். எப்போதும் வந்ததும் ஒப்பிக்கிற வீட்டுக்காரர் தூக்குப்போணியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு உசிரே போய்விட்டது. சொல்லித் தொலையுங்கள் என்றேன். நேற்று ராத்திரி வைத்தது அப்படியே கிடக்கிறது, காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, கிட்டே போன சம்பத்தைக் கடிக்க வந்தது என்றார் வீட்டுக்காரர். ஆயா வாளியைக் கீழே வைத்துவிட்டாள். மேரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன். வெறி பிடித்தவர்கள் தண்ணீரைப் பார்த்து அலறுவதைப் பற்றி ஊசிப் பெஞ்சில் சொல்லக் கேட்டிருந்தேன். தலைமாட்டில் இருந்த சொம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன். இறங்கியது. அந்தச் சொம்பைக் கீழே வைக்கவே மனசு வரவில்லை.

டாக்டர் வந்தார். அவர் முகமும் சரியில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, பெட்டை நாயா, மடி எப்படி இருக்கிறது என்று கேட்டார். வீங்கி, கல் மாதிரி இருக்கிறது, தொட விடவில்லை என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப பால் கட்டியிருக்கு. குட்டிங்க எங்க?"

சம்பத் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். எங்கள் லைனில் இது ஒரு வழக்கம். குட்டிகள் கத்த ஆரம்பித்து ராத்தூக்கம் கெட்டால், இளவட்டம் யாராவது அதுகளைக் கோணியில் போட்டுக் கட்டி, அல்சூர்க் கறிக்கடைகளுக்குப் பின்னால் விட்டுவிட்டு வருவார்கள். கொன்றோம் என்று யாரும் சொல்வதில்லை, விட்டோம் என்றுதான் சொல்வார்கள். தப்பு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஒவ்வொரு தடவையும் தாய் நாய் சில நாள் ஊளையிட்டு அலையும், போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சீறும். அப்போது நாய் வண்டிக்குச் சொல்லி அனுப்புவோம். வண்டி வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகும். வேறொரு நாய் வந்து அந்தக் கொட்டகையில் குட்டி போடும். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

"கடிக்கிறதுக்கு முந்தின நாள் நான்தான் கொண்டு போய் விட்டேன் அண்ணி," என்றான் சம்பத்.

"எதுல போட்டுக் கொண்டு போன?" என்று கேட்டேன்.

"கரிக் கோணியிலதான். திருப்பிக் கொண்டுவந்து மூலையில போட்டேன்."

நான் அந்தப் பையைத்தான் தோளில் போட்டுக்கொண்டு அதன் எதிரே போயிருக்கிறேன். குட்டிகளின் வாடை அடிக்கிற பை. அது கேட்டது பையை. நான் கொடுக்கவில்லை.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பால் கட்டினால் நாய்க்கும் காய்ச்சல் வரும், தின்னாது, சீறும், அதை வைத்தே பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது என்றார். ஆனால் பைத்தியம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நாளை காலை வரைக்கும் பார்ப்போம், அதற்கு மேல் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை என்றார். ஊசியைத் திரும்ப ஆரம்பிப்பார் என்று எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் என் கால் எனக்கில்லை. மூச்சு இருந்தால் உண்டு.

திரும்பிப் பார்த்தபோது சம்பத் அங்கே இல்லை.

காலையில் பார்வை நேரத்துக்கு முன்னாலேயே வார்டு வாசலில் தகராறு கேட்டது. சம்பத்தின் குரல். கதவுக்காரர் விடமாட்டேன் என்கிறார், இவன் நாய் சேதி ஐயா, நாய் சேதி என்று கெஞ்சுகிறான். ஆயா போய்க் கன்னடத்தில் இரண்டு வார்த்தை போட்டாள், கதவு திறந்தது. சட்டையெல்லாம் சேறும் கறிக்கடை நாற்றமுமாக வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"சாப்டுச்சு அண்ணி."

இருட்டுவதற்குள் கறிக்கடைகளுக்குப் போய்த் தேடியிருக்கிறான். நாலு குட்டியில் ஒன்றுதான் இருந்தது. அதையும் ஒரு கடைக்கார பாய் கூடைக்குள் போட்டு, சாக்கைத் திணித்து வைத்திருந்தாராம். மீதி மூன்றைப் பற்றி பாய் ஒன்றும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து, கோணிப்பையை விரித்து அதன் மேல் விட்டிருக்கிறான். செவலை பையை மோந்து, குட்டியை மோந்து, காலால் இழுத்து அணைத்துக்கொண்டு படுத்ததாம். குட்டி முட்டி முட்டிக் குடிக்க, விடியும்போது மடி தளர்ந்துவிட்டது. வைத்த சோற்றைத் தின்று தட்டையும் நக்கியிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அவன் என் மரத்துப்போன காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அழட்டும் என்று விட்டேன். எனக்கும் கோபம் மிச்சம் இருந்தது.

பத்து நாளும் கடந்தது. அதற்கு மேல் இன்னொரு நாள் டாக்டர் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அப்புறம், அதுக்குப் பைத்தியம் இல்லை, இனிமே காலைக் கவனிப்போம் என்றார். மேரியம்மா சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னாள். ஆயா எனக்கு ஒரு வாழைப்பழமும், நாய்க்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பன்னும் கொண்டுவந்தாள்.

கால் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் ரப்பர் குழாயை எடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து, சிஸ்டர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கங்கு சுட்ட புண் எரிந்தது. எரிகிறது, எரிகிறது என்று நான் சந்தோஷத்தில் கத்தினதைக் கேட்டுப் புதிதாக வந்த நோயாளிகள் பயந்துவிட்டார்கள். அப்புறம் கட்டைவிரல். அப்புறம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பது. வீட்டில் என் மேஜையில் சம்பத் இஸ்திரி போட்டு, பங்களாக்காரர்கள் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டான். இரண்டு தலையணை உறையும் ஒரு சட்டைக் காலரும் தீய்ந்தன. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோல் ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அந்த நாயைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்று எழுதினால் பொய். எனக்குக் கெண்டைக்கால் சதை தானாக இழுத்துக்கொண்டது. அது கோணிப்பை மேல் குட்டியோடு படுத்திருந்தது. பையை வைத்துக்கொள், நான் வேறு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அதற்கப்புறம் எங்கள் லைனில் குட்டிகளைக் கோணியில் போடுவது நின்றது. சும்மா நிற்கவில்லை, என் வாய்க்குப் பயந்து நின்றது. நாய் குட்டி போட்டால் கொட்டகைக்குத் தட்டி வைத்து அடைப்போம், பசங்களை அண்டவிடமாட்டோம். குட்டிகள் தானாகத் தின்னும் வயசு வந்த பிறகு கேட்கிற வீட்டுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்போம். அப்படிப் பிரித்தால் தாய் தேடுவது உண்டு, கடிப்பதில்லை. செவலையை மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பைத்தியம் வராமல் இருக்க ஊசி போடச் சொன்னேன். பங்களா நாய்களுக்குத்தான் போடுவது வழக்கம் என்றார்கள். தெருநாய் கடித்தால் பங்களாக்காரர்களுக்கு வலிக்காதா என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கத்தான் எனக்கு நேரமாகும், உட்காருவதில் கஷ்டமே இல்லை. கடைசியில் போட்டார்கள். அதற்கு ஒரே ஊசி. கொடுத்துவைத்த ஜென்மம்.

வீட்டுக்காரர் பூட்ஸ் தோலில் அதற்குக் கழுத்துப் பட்டை தைத்துப் போட்டார். ஆனாலும் பட்டைக்கு என்ன, எந்தத் தெருநாய்க்கும் போடலாம், அதனால் அது வீட்டு நாய் ஆகிவிடாது.

மழை விட்ட ஒரு காலை நேரம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நாய் வண்டி லைனுக்குள் வந்து நின்றது. பின் தெருவில் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் கம்பிச் சுருக்கோடு இறங்கினார்கள். குழாயடியில் படுத்திருந்த செவலை, சுருக்கைப் பார்த்ததும் சுவரோடு ஒண்டிக்கொண்டு பல்லைக் காட்டியது. அது அந்தச் சுருக்கை மறந்திருக்குமா? யார் நாய் இது என்று ஒருவர் உரக்கக் கேட்டார். குழாயடியில் நின்றிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர வாய் திறக்கவில்லை. பழக்கம் அப்படி.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து தெருவுக்கு நடந்தேன். அண்ணி, கோலு, கோலு என்று சம்பத் பின்னாலேயே ஓடி வந்தான். நான் சுவருக்கும் சுருக்குக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். வண்டிக்காரர் நாயின் பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க நாயாம்மா? பல்லைக் காட்டுதே. யாரையாவது கடிச்சிருக்கா?"

"கடிச்சிருக்கு," என்றேன். "என்னைத்தான். எங்க நாய்தான், நீங்க போங்க."